வழியோரத்து அறம்
(யாழ்ப்பாணத்து மடமும் சுமைதாங்கியும் தண்ணீர்ப்பந்தலும்)

யாழ்ப்பாணத்து இடப்பெயர்கள் சிலவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். கந்தர்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம், மருதனார்மடம். இவை நாள்தோறும் எம் வாயில் வழங்கும் பெயர்கள். பேருந்தில் ஏறினால் நடத்துநர் கூவும் பெயர்கள். ஆயினும், இவற்றின் ஈற்றிலே நிற்கும் 'மடம்' என்னும் சொல்லை நம்மிற் பெரும்பாலோர் நின்று கவனிப்பதில்லை. வழிநடந்து களைத்தவன் வெயிலுக்கு ஒதுங்கவும், இரவு வந்தால் தலைசாய்க்கவும், பசித்தால் ஒரு பிடி சோறு பெறவும் கட்டி விடப்பட்ட இடமே மடம். ஊரொன்று முன்பின் அறியாத வழிப்போக்கன் படுத்துறங்கிய திண்ணையின் பெயரைத் தன் பெயராகக் கொண்டு நிற்குமாயின், அவ்வூரார் எதனைப் பெரிதென மதித்தனர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இவ்வாண்டு மலரிலே, எமது முன்னோர் தம்மைப் பேணிய முறையையும், பிறரைப் பேணிய முறையையும், அம்முறைகள் வளர்ந்த வரலாற்றையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம். பழம்பெருமை பேசி மகிழ்வது எம் நோக்கமன்று. பெருமைக்குரியதைப் பெருமையென்றும், குறையைக் குறையென்றும் சொல்லினாலன்றி வரலாறு இளைஞருக்குப் பயன்படாது.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. தரையின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே எமக்குப் பெருஞ்செல்வம். அம்மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. அந்த மெல்லிய படையையே கிணறு வெட்டி நாம் அள்ளுகின்றோம். அளவுக்கு மிஞ்சி அள்ளினால் கீழிருந்து உவர் மேலெழும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதை யாவரும் அறிவர். குடாநாட்டின் நிலத்தடி நிலைமைக்கு அக்கிணறு ஒரு கண்ணாடி.

இத்தகைய நிலத்திலே தனித்து வாழ்ந்துவிட முடியாது. துலாவிலே இறைப்பதற்கே மூவர் வேண்டும். ஒருவர் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்று மிதியிலே நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். மற்றொருவர் தோட்டத்திலே பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். வீட்டில் மூவர் இல்லாதவன் அயலவனை அழைப்பான். அயலவனுக்கு இறைப்பு வந்தபோது இவன் போவான். பல குடும்பங்களுக்குப் பங்குள்ள கிணறுகளிலே யாருக்கு எந்த நாள், எந்த நேரம் என்ற முறை இருந்தது. வேலி அடைப்பதும் வீடு வேய்வதும் இவ்வாறே நடந்தன. இன்று உனது வளவு, நாளை எனது வளவு. கூலி பேசுவார் இல்லை. மத்தியானச் சோறும் இடையிலே தேநீரும் வீட்டுக்காரர் பொறுப்பு. 1950களிலிருந்து இறைக்கும் இயந்திரங்கள் பரவியபின் துலா மறைந்தது. துலாவோடு சேர்ந்து அயலவனைக் கூப்பிட வேண்டிய தேவையும் மெல்ல மறைந்தது.

தன்னைப் பேணல்

பிறருக்கு உதவுவதைப் பற்றிப் பேசும்போது, உதவுபவனின் உடம்பையும் மனத்தையும் மறந்துவிடுகின்றோம். எம் பெரியோர் அதனை மறக்கவில்லை. உடம்பை இறைவன் குடிகொள்ளும் இடமென்று கண்டு, அதனைப் பேண வேண்டுமென்று திருமூலர் திருமந்திரத்திலே வற்புறுத்தினார். ஔவையாரின் ஆத்திசூடியிலே எண்ணெய் முழுக்குக்கென ஓர் அடியே உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்துச் சிறப்புப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் இரண்டும் வைத்திய நூல்கள். அரசனின் பெயரால் ஒரு வைத்திய நூல் வழங்குமாயின், உடல்நலம் அக்காலத்தில் எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்ததென்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

எங்கள் வீடுகளிலே இது பெரிய தத்துவமாகப் பேசப்படவில்லை. சனிக்கிழமை வந்தால் நல்லெண்ணெய் காய்ச்சி உச்சியிலே வைத்துத் தேய்ப்பார்கள். அரப்பும் தேசிக்காயும் வெந்தயமும் அவித்து வைத்துத் தோய்வார்கள். அன்று பகலுறக்கம் கூடாது, குளிர்ந்த உணவு ஆகாது என்று ஆச்சிமார் கட்டளையிடுவார்கள். வாரம் ஆறு நாளும் தோட்டத்திலே முறிந்த உடம்புக்கு ஏழாம் நாள் ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு அது. பிள்ளை பெற்ற தாய்க்கு 31 நாள் துடக்கு என்று ஒதுக்கி வைத்ததைப் பழைமை என்று சிலர் இகழ்வர். அந்நாட்களிலே அவள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போகாமல், சரக்கு அரைத்த கறியோடு வேளைக்கு வேளை உணவு பெற்று, உடம்பு தேறினாள் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சரக்கு அரைத்தவர்கள் பெரும்பாலும் அயல்வீட்டுப் பெண்களே.

சித்திரை வருடப்பிறப்பிலே வைக்கும் மருத்துநீரும் இத்தகையதே. பூவும் இலையும் மஞ்சளும் மிளகும் திப்பிலியும் சுக்கும் பாலும் சேர்த்துக் கோயிலிலே காய்ச்சப்பட்ட நீரை வீடுதோறும் வாங்கிச் செல்வர். பஞ்சாங்கம் விதித்த இலைகளைத் தலையிலும் காலடியிலும் வைத்து, மூத்தவர் இளையவருக்கு மருத்துநீர் தேய்ப்பர். தன் உடம்புக்குச் செய்யும் காரியமும், பெரியவர் கையால் பெறும் ஆசியும், ஊர்க் கோயிலோடுள்ள உறவும் ஒரு செம்பு நீரிலே ஒன்றாகிவிடுகின்றன.

இந்த வீட்டு ஒழுக்கமே எமது சமயத்தையும் காத்தது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தன் கோயில் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். வெளிப்பட வழிபட முடியாத அந்நெடுங்காலத்திலே, விரதமிருந்து உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுக்குமென்று கூரையிலே செருகி மறைத்தார்கள் என்ற செவிவழிச் செய்தி இன்றும் எம் வீடுகளிலே சொல்லப்படுகின்றது. கோயில் இடிந்தது. ஆயினும் வீட்டினுள்ளே விரதம் நின்றது. நாளாந்தம் கடைப்பிடிக்கும் சிறு வழக்கத்துக்கு உள்ள வலிமை இத்தகையது.

வழியிலே வைத்த கருணை

இனி வீதிக்கு வருவோம். 1905ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதப் பாதை இணைந்தது. அதற்கு முன் வண்டியும் கால்நடையுமே பயணம். கோயில் திருவிழாவுக்குப் போவோரும், சந்தைக்குக் கடகம் சுமந்து போகும் பெண்களும், புகையிலை ஏற்றிய வண்டிகளும் வெயிலிலே நீண்ட தூரம் போயின. அவர்களை எண்ணி எம்மவர் வீதியோரத்திலே அமைத்தவற்றைப் பாருங்கள்: இளைப்பாற ஒரு மடம், குடிக்க ஒரு கிணறு, குளிக்க ஒரு கேணி, மாட்டுக்கு ஒரு நீர்த்தொட்டி, அம்மாடு தன் தினவு தீர உரோஞ்சிக் கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக் கல், சுமையை இறக்க ஒரு சுமைதாங்கி, நிழலுக்கு ஓர் ஆலோ வேம்போ. மாட்டின் முதுகுத் தினவையும் நினைத்துக் கல் நட்டவர்கள் எம் முன்னோர்.

பருத்தித்துறையிலே தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்தைக் காணாத இளைஞர் ஒருமுறை போய்க் காண வேண்டும். பெயருக்கேற்ப அது தெருவையே மூடி நிற்கின்றது. இருபுறமும் கல் திண்ணை, மேலே கூரை, நடுவே வீதி. மடத்துக்குள்ளே போக வேண்டுமென்று வழிப்போக்கன் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவன் நடக்கும் வழியே மடத்துக்குள்ளால் போகின்றது. கேளாமலே நிழல் கிடைக்கின்றது.

சுமைதாங்கி இன்னும் நுண்ணியது. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே வைத்தால் சுமைதாங்கி. உயரம் மட்டும் கணக்காக இருத்தல் வேண்டும். தலையிலே பெருஞ்சுமை வைத்து நடப்பவர் அதனை நிலத்திலே இறக்கிவிட்டால், திரும்பத் தூக்கி வைக்க மற்றொருவர் வேண்டும். தனி வழியிலே அந்த மற்றொருவருக்கு எங்கே போவது? தலையளவு உயரத்திலே கல் இருந்தால், குனியாமலே சுமையை அதன்மேல் நகர்த்தலாம். களைப்பாறியபின் தானாகவே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். அருகிலே இல்லாத மனிதனின் இரு கைகளைக் கல்லிலே செய்து நிறுத்தியதே சுமைதாங்கி.

வயிற்றிலே பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது தமிழர் வழக்கு. சுமந்த சுமையை இறக்கி வைக்காமலே போனவளுக்காக, வேறு யாரோ ஒருவர் தம் சுமையை இறக்கி வைக்கட்டும் என்பது கருத்து. துயரத்தைத் தாங்க முடியாத குடும்பம் அதனை ஊருக்குப் பயன்படும் கல்லாக மாற்றிக்கொண்டது. மனநோவுக்கு இதைவிட நல்ல மருந்து எது?

மடங் கட்டும் எண்ணம் குடாநாட்டோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பிறந்த ஞானப்பிரகாச முனிவர், போர்த்துக்கேய அதிகாரிக்கு உணவுக்காகப் பசு கொடுக்க வேண்டிய முறை தம் வீட்டுக்கு வந்தபோது, அதற்கு இணங்காமல் இரவோடிரவாகக் கடல்கடந்தார் என்பது மரபு. சிதம்பரத்திலே அவர் அமைத்த திருக்குளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நாட்டை விட்டோடியவர் போன இடத்திலே முதலில் எண்ணியது பிறர் நீராடும் நீரை என்பது கவனிக்கத்தக்கது.

கல்லாற் செய்த அறம் ஒருபுறமிருக்க, பருவந்தோறும் செய்யும் அறம் மற்றொருபுறம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதிகளிலே தண்ணீர்ப்பந்தல் நிற்கும். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்ப்பார்கள். சித்திரைப் பூரணையிலே தாயை இழந்தோர் விரதமிருப்பர். கோயில்களிலே சித்திரபுத்திரனார் கதை படித்து, கஞ்சி காய்ச்சி வந்தோர்க்கெல்லாம் வார்ப்பர். ஆடி அமாவாசையிலே தந்தையை இழந்தோர் கீரிமலையிலே நீராடுவர். ஆடிப்பிறப்பன்று பனங்கட்டியும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கூழும் கொழுக்கட்டையும் வீடு வீடாகப் போகும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அக்கூழைப் பற்றிப் பாடிய பாட்டை அறியாத யாழ்ப்பாணப் பிள்ளை இல்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே முருகனுக்கே அன்னதானக் கந்தன் என்று பெயர். பிராமணரல்லாத பூசகர் வாய்கட்டி மௌனமாகப் பூசை செய்யும் அச்சந்நிதியிலிருந்துதான் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகின்றது. வழிநெடுக ஊரார் இடும் உணவையும் நீரையும் நம்பியே யாத்திரிகர் நடக்கின்றனர்.

இறந்த வீட்டு வழக்கமும் இவ்வரிசையிலே சேர்ந்ததே. அவ்வீட்டிலே அடுப்பு மூட்டுவதில்லை. அயலார் சமைத்து எடுத்து வருவர். நன்மைக்குச் சொன்னாற் போ, துன்பத்துக்குச் சொல்லாமற் போ என்பது ஊர் முறை. உற்றாரை இழந்தவன் பசியையும் மறந்திருப்பான் என்று அறிந்து, அவனுக்குப் பதிலாக ஊர் நினைத்துக்கொள்கின்றது.

கஞ்சித்தொட்டி

அறம் சோதிக்கப்படுவது பஞ்சத்திலே. 1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வாட்டின. அப்பொழுது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். மக்கள் துயரைச் சரிவரக் கவனியாத அரசாங்க அதிபர் துவைனத்தைக் கண்டித்தும் எழுதினார். சைவப் பாடசாலைக்காகப் பிடியரிசி சேர்த்த அநுபவம் அவருக்கு முன்பே இருந்தது. உலையிலே அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையிலே இடுவதே பிடியரிசி. வறிய வீடும் தரக்கூடிய கொடை அது. அந்த ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீடும் பட்டினி கிடந்ததில்லை. அப்பிடிகள் சேர்ந்து ஒரு பாடசாலையைத் தாங்கின. 1848இலே வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை அவ்வாறு ஊரார் கையால் வளர்ந்ததே.

அக்காலத்திலே சமய எதிர்ப்பக்கத்தில் நின்றோரும் தொண்டு செய்தனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1847இலே இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். சமயத்திலே வாதிட்டுக்கொண்டே நோயாளியிடத்து இரு பகுதியாரும் இரங்கினர். 1897 தை மாதத்திலே யாழ்ப்பாணத்துக்கு வந்த சுவாமி விவேகானந்தரும், ஏழையிலே இறைவனைக் காணும் தொண்டையே தம் வாழ்நாட் செய்தியாக விட்டுச் சென்றார்.

தருமத்தின் மறுபக்கம்

இதுவரை சொன்னதைக் கேட்டு மகிழ்ந்தோர், இனிச் சொல்வதையும் பொறுமையோடு கேட்டல் வேண்டும்.

மடமும் கிணறும் பந்தலும் யாவர்க்கும் பொதுவாய் இருந்தனவா? இல்லை. ஒல்லாந்தர் 1707இலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியைக் கொண்டு தொகுப்பித்த தேசவழமையிலே, சொத்துக்கும் சீதனத்துக்கும் விதி சொல்லும் அதே ஏட்டிலே, அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. 1844ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் இலங்கையிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. வழக்கத்திலே அதன் நிழல் நீண்டு நின்றது. தாழ்த்தப்பட்டோரெனப்பட்டவர் பொதுக் கிணற்றிலே வாளியைத் தொட முடியாது. யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். தேநீர்க் கடையிலே அவர்களுக்கு வேறு குவளை. கோயிலிலே வெளிவீதியோடு நிற்க வேண்டும். மாட்டுக்கு ஆவுரோஞ்சிக் கல் நட்ட அதே ஊரிலே, மனிதனொருவன் தாகத்தோடு கிணற்றடியிலே காத்து நின்றான். கஞ்சித்தொட்டி வைத்த நாவலரும் சாதியாசாரத்திலே தம் காலத்துக் கட்டுக்குள்ளேயே நின்றார் என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தோரிலே இளைஞர் முன்னின்றனர் என்பது எம் போன்ற சங்கங்களுக்குப் பெருமை. 1924இலே யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்பு அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் சமயபேதம் பாராமல் அதிலே தொண்டாற்றினர். அவர்களின் அழைப்பின்பேரிலே 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். தீண்டாமைக்கு எதிராக இங்கும் பேசினார். பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலே இருக்கும் சம ஆசனத்துக்காகவும், ஒரே பந்தியிலே உண்ணும் சம போசனத்துக்காகவும் அக்காலத்திலே போராட நேர்ந்தது. 1957இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னும் கதவு தானாகத் திறக்கவில்லை. 1966இலே தீண்டாமைக்கு எதிரான வெகுஜன இயக்கம் எழுந்து, தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் பிரவேசம் கோரியது. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அடியார் மறிக்கப்பட்ட செய்தி உலகறிய நின்றது.

மாவிட்டபுரத்தின் தலவரலாற்றை அறிந்தோர்க்கு இது இரட்டை வேதனை. குதிரை முகத்தோடு வருந்தி வந்த மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்திலே ஆடி நலம் பெற்று, அந்நன்றியிலே எழுந்ததே அத்திருத்தலம் என்பது ஐதிகம். எவரும் அஞ்சி ஒதுக்கும் உருவோடு வந்தவளைத் தண்ணீர் ஒதுக்கவில்லை. அவளைக் கொண்டு எழுந்த கோயில் வாசலிலே மனிதர் ஒதுக்கப்பட்டனர்.

நாவற்குழிப் பாதை

பழைய வழக்கங்கள் அழிந்துவிட்டன என்று பெரியோர் வருந்துவதுண்டு. முற்றாக அழியவில்லை என்பதற்கு எம் காலத்திலேயே சான்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள், போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஒரே இரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். முதியோரைச் சைக்கிளில் இருத்தியும், பிள்ளைகளைத் தோளிற் சுமந்தும், நாவற்குழிப் பாலத்தூடாக அடியடியாக நகர்ந்தனர். தென்மராட்சியிலே சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் எங்கணும் வீடுகள் திறந்தன. ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய வீட்டிலே பல குடும்பங்கள் தங்கின. பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் மடங்களாயின. ஐந்து ஆண்டு கழிந்து 2000ஆம் ஆண்டிலே போர் தென்மராட்சியைத் தாக்கியபோது, அவ்வூரார் வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் ஓடி வந்தனர். முன்பு விருந்தினராய் இருந்தோர் இம்முறை வீட்டுக்காரராயினர். எவரும் எழுதி வைத்த ஒப்பந்தமில்லை. துலாவும் வேலியும் கற்றுத் தந்த முறைதான்.

இந்நிகழ்ச்சியை நினைக்கும்போது மற்றொன்றையும் நினைத்தல் அறம். அதே ஒக்ரோபர் 30ஆம் நாள், ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990இலே, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் இரண்டு மணி நேரத்திலே வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாய் எம்மோடு வாழ்ந்தோர் அவர்கள். இடம்பெயர்தலின் துயரை 1995இலே தம் காலால் நடந்து அறிந்த சமூகம், அத்துயரை மறக்கலாகாது. சுமைதாங்கி சுமப்பவனின் பெயரைக் கேட்பதில்லை.

இளைஞர் கடன்

இவ்வரலாற்றிலே எமக்குப் புலப்படும் உண்மை ஒன்று உண்டு. எம் முன்னோரின் கருணை வெறும் நெஞ்சிரக்கத்தோடு நின்றதன்று. அது ஓர் ஏற்பாடு. வழிப்போக்கன் வருமுன்னரே மடம் இருந்தது. தாகம் எடுக்குமுன்னரே பானை நிறைந்திருந்தது. பசி வருமுன்னரே பிடியரிசி எடுத்து வைக்கப்பட்டது. அவ்வேற்பாட்டினைச் செய்தபின், வருபவன் யாரென்று கேளாத இடத்திலே அறம் தழைத்தது. யாரென்று கேட்ட இடத்திலே அது பட்டது. எனவே இளைஞர் காக்க வேண்டியவை இரண்டு: ஏற்பாட்டைக் காத்தல், கேள்வியை விடுதல்.

இன்று கடகம் சுமந்து நடப்போர் அருமை. ஆயின் சுமை குறைந்ததாகச் சொல்ல முடியாது. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்க, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் முதியோர் ஒழுங்கைதோறும் உளர். தொலைபேசியிலே மக்களின் குரல் வரும். மருந்து வாங்கி வர ஆள் இல்லை. போரிலே உறவிழந்து, அதைச் சொல்லி அழவும் இடமின்றி இருப்போர் உளர். காணாமற் போனோரைத் தேடி வருடக்கணக்காய் வீதியோரத்திலே அமர்ந்த தாய்மார் உளர். பரீட்சைப் பயத்தினாலும் வேலையின்மையினாலும் மனஞ்சோர்ந்த எம் வயதினரே உளர். இவர்களுக்குத் தலையளவு உயரத்திலே கல் நிறுத்துவது யார்?

சங்கத்துக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒழுங்கைக்கு இருவர் பொறுப்பேற்று, தனித்திருக்கும் முதியோர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகலாம். நாளைக் குறித்து, தவறாமற் போதல் வேண்டும். தவறாமையே ஏற்பாட்டுக்கு உயிர். பிடியரிசியை மீண்டும் தொடங்கலாம். தூர்ந்த கேணிகளையும் சாய்ந்த சுமைதாங்கிகளையும் கணக்கெடுத்துப் படம் எடுத்து, தூர்வாரி நிறுத்தலாம். வீதி அகலிக்கும்போது முதலில் அகற்றப்படுவன இவையே. 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது வெளிப்பட்டு மக்கள் குடிநீருக்குத் தவித்ததை யாவரும் அறிவோம். தோட்டங்களிலே அளவுமீறி இடும் உரமும் அதே நீரிலேதான் இறங்குகின்றது. இக்காலத்திலே கிணற்றைக் காப்பதும் தண்ணீர்ப்பந்தல் வைப்பதற்கு ஒப்பான தருமமே. தண்ணீர்ப்பந்தல் வைப்போர் குவளைகளை ஒரே வரிசையிலே வைத்தல் வேண்டும். அப்பந்தலிலே தண்ணீர் வார்ப்போர் எல்லா ஒழுங்கையிலிருந்தும் வந்தவராயிருத்தலும் வேண்டும்.

தொண்டு செய்வோர் தம்மையும் மறத்தலாகாது. உறக்கமின்றி ஓடி, ஒரு திருவிழாவோடு களைத்து, அடுத்த வருடம் காணாமற் போகும் தொண்டரால் ஊருக்குப் பயன் குறைவு. சனி முழுக்கையும் வேளைச் சோற்றையும் விரதத்தையும் வகுத்த பெரியோர், உடம்பு நெடுநாள் உழைக்க வேண்டுமென்று எண்ணியே வகுத்தனர். துலா மிதித்தவனும் இடையிலே இறங்கித் தண்ணீர் குடித்தான். அவன் இறங்கியபோது மற்றொருவன் ஏறினான்.

பெரியோர்களே, உங்கள் நினைவிலுள்ள மடங்களையும் கிணறுகளையும், அவை யாருக்குத் திறந்திருந்தன, யாருக்கு மூடியிருந்தன என்பதையும் எமக்குச் சொல்லித் தாருங்கள். இளைஞர்களே, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதோடு அமையாமல், இவ்வாண்டு முடியுமுன் ஊருக்கு ஒரு கேணியையேனும் தூர்வாரி, அதன் கரையிலே எவரும் நின்று நீர் அள்ளும்படி செய்வோமாக.